பசு முட்டவில்லை, மணி அடித்தது

(பட்டிமன்றத் தலைப்பு: சீண்டுகிறவர்களைக் கண்டால் நம் பிள்ளைகள் எதிர்த்து நிற்க வேண்டுமா? ஒதுங்கிப் போக வேண்டுமா? - 'எதிர்த்து நிற்க வேண்டும்' என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் பக்கத்திலே பலமாகவும் எதிர்ப்பக்கத்திலே பாவமாகவும் அமர்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே இட்லித் தட்டோடு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே!

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மையார் ரொம்ப அழகாகப் பேசினார்கள். "தெருவுல நாய் குரைச்சா நாமளும் நின்னு திருப்பிக் குரைக்கணுமா? ஒதுங்கிப் போறதுதான் பண்பாடு" என்றார்கள். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏனென்றால் அவர்கள் சொன்னது தெருநாய்க்குச் சரி. ஆனால் இன்றைய தலைப்பு நாயைப் பற்றி இல்லையே, நடுவர் அவர்களே! (சிரிப்பு)

தெருநாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகப் போய்விடலாம். பள்ளிக்கூடத்திலே சீண்டுகிற பையன் அப்படியா? அதே வகுப்பு, அதே பெஞ்சு, அதே தண்ணீர்க் குழாய், அதே வேன். வருஷத்திலே 200 நாள் அவன் பக்கத்திலேயே உட்கார வேண்டிய குழந்தை எந்தத் தெரு வழியாக அம்மா ஒதுங்கிப் போகும்? (கைதட்டல்)

முதலிலே, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள் ஒரு ரப்பருக்காகச் சண்டை போட்டால் அது சீண்டல் இல்லை. பத்து நிமிஷத்திலே அவர்களே தோளிலே கை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும்தான் பத்து வருஷம் பேச மாட்டார்கள். (சிரிப்பு) நார்வே நாட்டிலே டான் ஓல்வியஸ் என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். 1970-களிலேயே இந்தத் துன்பத்தை ஆராயத் தொடங்கியவர். அவர் மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே நோகடிப்பது ஒன்று. திரும்பத் திரும்பச் செய்வது இரண்டு. திருப்பிச் செய்ய முடியாத பிள்ளையாகப் பார்த்துச் செய்வது மூன்று. இந்த மூன்றாவதுதான் முக்கியம். சீண்டுகிறவன் ஆள் பார்த்துத்தான் சீண்டுவான். யார் பேசாமல் ஒதுங்கிப் போகிறதோ அந்தப் பிள்ளையாகப் பார்த்துத்தான் சீண்டுவான். அப்படியானால், 'ஒதுங்கிப் போ' என்று நாம் சொல்லிக் கொடுப்பது என்ன? 'இவன்தான் உனக்குத் தோதான ஆள்' என்று நம் பிள்ளையின் முதுகிலே நாமே சீட்டு எழுதி ஒட்டி அனுப்புகிற மாதிரி இல்லையா?

உடனே எதிரணி நண்பர் எழுந்திருப்பார். "அப்படின்னா பிள்ளைக்கு அடிதடியா சொல்லிக் கொடுக்கப் போறீங்க?" என்பார். ஐயா, நான் தமிழ் வாத்தியார். எங்களுக்குத் தெரிந்த சண்டையெல்லாம் வல்லினம் மிகுமா மிகாதா என்கிற சண்டைதான். (சிரிப்பு) ஆகையினாலே இதற்கும் இலக்கணத்திலேயே பதில் சொல்கிறேன். 'எதிர்த்து நிற்பது' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'எதிர்த்து' என்பது வினையெச்சம். அது முடிகிற சொல் எது? 'நிற்பது'. அடிப்பது இல்லை. ஓடுவதும் இல்லை. அடித்தால் அது எதிர்த்து அடிப்பது. நாங்கள் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஐந்து வயசுப் பிள்ளையிடம் 'நீயும் ரெண்டு குடுத்துட்டு வா' என்று சொல்லி அனுப்புகிற அப்பாவும் எங்கள் கட்சி இல்லை. நாளைக்கு அவன் தன்னைவிடச் சின்னப் பிள்ளைக்கு அந்த ரெண்டைக் கொடுப்பான். சீண்டுகிறவன் ஒருவன் இருந்த இடத்திலே இரண்டு பேர் ஆவார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

சரி, அடிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. பிறகு எப்படி நிற்பது? இதற்குத் திருவாரூருக்குப் போக வேண்டும். கோயில் பக்கத்திலே கல்லிலே ஒரு தேர் செய்து வைத்திருக்கிறார்கள். மனுநீதிச் சோழன் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளவரசன் தேர்க்காலிலே கன்று சிக்கிச் செத்துப்போகிறது. ராஜா மகனுக்குத் தண்டனை கொடுத்ததை நாம் காலங்காலமாகப் பேசுகிறோம். இன்றைக்கு ராஜாவை விட்டுவிட்டு அந்தப் பசுவைப் பாருங்கள். அதற்குக் கொம்பு இருந்தது. தேரோட்டியை முட்டியிருக்கலாம். இளவரசனைத் துரத்தியிருக்கலாம். செய்யவில்லை. 'பெரிய இடம், நமக்கு எதுக்கு வம்பு' என்று எதிரணி மாதிரி ஒதுங்கியும் போகவில்லை. (சிரிப்பு) சேக்கிழார் என்ன சொல்கிறார்? அரண்மனை வாசலுக்குப் போய், தன் கொம்பாலே மணியை அடித்தது என்கிறார். குத்துவதற்குப் பயன்பட வேண்டிய கொம்பு மணி அடிக்கப் பயன்பட்டது. பலத்தைக் குரலாக மாற்றிக்கொண்டது அந்தப் பசு. ஐயா, இதுதான் எதிர்த்து நிற்பது! (பலத்த கைதட்டல்)

அந்தக் காலத்திலே மாட்டுக்குக்கூட ஒரு மணி கட்டி வைத்திருந்தார்கள். நான் கேட்கிறேன், நம் வீட்டிலே நம் பிள்ளைக்கு ஒரு மணி இருக்கிறதா?

பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, அவன் என்னை அடிச்சிட்டான்" என்று சொல்கிறது. அதுதான் மணி. நாம் என்ன கேட்கிறோம்? "நீ என்ன பண்ணினே?" முடிந்தது. வாதியாக வந்த பிள்ளை பிரதிவாதிக் கூண்டிலே நிற்கிறது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆம்பளப் பிள்ள அழலாமா?" என்கிறார். தாத்தா தன் பங்குக்கு, "கோள் சொல்லக் கூடாது கண்ணு" என்கிறார். மூன்று பேரும் சேர்ந்து மணியின் நாக்கை அறுத்துவிட்டார்கள். அடுத்த தடவை அந்தப் பிள்ளை வந்து அடிக்குமா? அடித்தால்தான் சத்தம் கேட்குமா?

கோள் சொல்வது வேறு, முறையிடுவது வேறு. இந்த வித்தியாசத்தை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கே சொல்லித் தரலாம். ஒருத்தனை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் அது கோள். ஒருத்தரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் அது முறையீடு. காப்பாற்றப்பட வேண்டிய அந்த ஒருத்தர் நானாகவும் இருக்கலாம். புறங்கூறாமை என்று அதிகாரம் வைத்த வள்ளுவரைப் படித்தவன்தான் நான். கண்ணகி பாண்டியன் அவையிலே நின்று கேட்டதை யாராவது கோள் என்று சொன்னோமா? அதற்கு இளங்கோவடிகள் 'வழக்குரை காதை' என்று பெயர் வைத்தார். வழக்கு உரைப்பது நம் மரபு, ஐயா!

எங்கள் தெருவிலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூணாங்கிளாஸ் படிக்கிற பெண் குழந்தை. தினமும் டிபன் பாக்ஸ் காலியாக வரும். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எம்பொண்ணு ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டா" என்று தெரு முழுக்கப் பெருமை. ஆனால் பிள்ளை இளைத்துக்கொண்டே வருகிறது. டானிக் வாங்கிக் கொடுத்தார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். (சிரிப்பு)

அந்த வீட்டு அப்பத்தாதான் கவனித்தது. நாலரை மணிக்கு வந்ததும் பிள்ளை புத்தகப் பையைக்கூட இறக்காமல் சோற்றுப் பானையைத் திறக்கிறது. அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலே உட்கார்ந்துகொண்டது. முதல் நாள் பேச்சில்லை. இரண்டாம் நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "ஏன்த்தா, மத்தியானம் சோறு திங்கலையா?" என்று மட்டும் கேட்டது. பிள்ளை உடைந்து அழுதுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இரண்டு மாசமாக அவள் டிபனைப் பிடுங்கித் தின்கிறார்கள். வீட்டிலே சொன்னால் வேனிலிருந்து தள்ளிவிடுவோம் என்று மிரட்டல். பாக்ஸ் காலியாகத்தான் வந்தது. பிள்ளையின் வயிறும் காலியாகத்தான் வந்தது. எதிரணி நண்பர்களே, அந்தக் குழந்தை இரண்டு மாசமாகச் செய்தது என்ன தெரியுமா? நீங்கள் சொல்கிற அதே காரியம்தான். ஒதுங்கிப் போனாள்! (கைதட்டல்)

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அம்மா மறுநாள் காலையிலேயே வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தாள். சண்டை போடவில்லை. எந்த நாள், எந்த இடம், யார் யார் என்று நிதானமாகச் சொன்னாள். ஆசிரியை அன்றிலிருந்து தன் சாப்பாட்டையும் பிள்ளைகளோடு உட்கார்ந்தே சாப்பிட்டார். வேன் ஓட்டுநரிடம் சொல்லி அந்தக் குழந்தையை முன் இருக்கைக்கு மாற்றினார்கள். இது பெரியவர்கள் வேலை.

வீட்டிலே அப்பத்தா ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. அதுதான் சீண்டுகிற பிள்ளையாம். "ஏய், குடுடி பாக்ஸை" என்று அதட்டும். பேத்தி நிமிர்ந்து நிற்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும், வயிற்றிலிருந்து சத்தம் வர வேண்டும். "இது என் சாப்பாடு. தர மாட்டேன். டீச்சர்கிட்ட சொல்வேன்." முதல் நாள் குரல் தொண்டையைத் தாண்டவில்லை. "இது எனக்கே கேக்கலியே, அவளுக்கு எங்க கேக்கும்?" என்று அப்பத்தா திரும்பச் சொல்ல வைத்தது. ஒரு வாரத்திலே அடுத்த வீட்டுக்காரர் வந்து, "யாரு சாப்பாட்டை யாரு புடுங்குறா?" என்று கேட்கிற அளவுக்குச் சத்தம் வந்துவிட்டது. (சிரிப்பு) பிறகு ஒரு நாள் அந்தப் பெரிய பிள்ளைகள் கை நீட்டினபோது அவள் அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னாள். பக்கத்திலே இருந்த இன்னொரு குழந்தை, "ஆமா, அது அவ சாப்பாடு" என்றது. நீட்டின கை திரும்பிப் போய்விட்டது.

துணிச்சல் பிறவியிலே வருவது இல்லை. வாய்ப்பாடு மாதிரி அதுவும் சொல்லச் சொல்லத்தான் வரும். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு டியூஷன் வைக்கிற நாம், 'நிறுத்து, எனக்குப் பிடிக்கலை' என்ற இரண்டு வாக்கியத்தை என்றைக்காவது பிள்ளையிடம் சத்தமாகச் சொல்ல வைத்திருக்கிறோமா?

பக்கத்திலே இருந்த அந்த இன்னொரு குழந்தையை மறந்துவிடாதீர்கள். கனடா நாட்டிலே பள்ளி மைதானங்களிலே கேமரா வைத்துப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். 2001-ல் அந்த ஆய்வு வெளியானது. சீண்டல் நடந்தபோது, பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது தடவை மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுக்க வந்தது ஐந்திலே ஒரு தடவைதான். ஆனால் அப்படி ஒரு பிள்ளை தடுக்க வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை, பத்தே விநாடியிலே சீண்டல் நின்றுபோனது. பத்து விநாடி, நடுவர் அவர்களே! நீங்கள் மணி அடித்த பிறகும் நாங்கள் பேசுகிற நேரத்தைவிடக் குறைவு. (பலத்த சிரிப்பு)

அதே கனடாவிலே, நோவா ஸ்கோஷியா மாநிலத்திலே, 2007-ல் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ரோஸ் நிறச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். 'பொம்பள நிறம்' என்று கேலி செய்து மிரட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேருக்கு இது தெரியவந்தது. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. கடைக்குப் போனார்கள். 50 ரோஸ் நிறச் சட்டை வாங்கினார்கள். மறுநாள் வாசலிலே நின்று எல்லோருக்கும் கொடுத்தார்கள். வீட்டிலே இருந்ததைப் போட்டுக்கொண்டு வந்தவர்களும் சேர, பள்ளிக்கூடம் முழுக்க ரோஸ் மயம். கேலி செய்தவன் யாரை என்று கேலி செய்வான்? தடி எடுக்காமலும் எதிர்த்து நிற்கலாம். அதற்குப் பக்கத்திலே நாலு பேர் வந்து நின்றால் போதும். (கைதட்டல்)

இனி எதிரணியிலே மூன்றாவதாகப் பேசிய நண்பர் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். அது சிரிக்கிற கேள்வி இல்லை. "நாங்குநேரியிலே சொன்னதனாலேதானே வெட்டினார்கள்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. 2023 ஆகஸ்டிலே, திருநெல்வேலி மாவட்டத்திலே, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன். கூடப் படித்தவர்களே சாதியின் பெயரால் அவனைத் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். அவன் பள்ளிக்கூடத்திலே விஷயத்தைச் சொன்ன பிறகு, இரவிலே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

நண்பரே, அந்தப் பையன் சொல்வதற்கு முன்னாலே என்ன செய்தான் என்று பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டான். அதைவிட ஒதுங்கிப் போக முடியுமா? ஒதுங்கிப் பார்த்துவிட்டுத்தான் அவன் வாயைத் திறந்தான். அவன் மணி அடித்தது குற்றம் இல்லை. மணி அடித்த பிள்ளைக்கு அன்று இரவு காவலாக நிற்க ஓர் ஏற்பாடு நம் சமூகத்திலே இல்லாமல் போனதே, அதுதான் குற்றம். அதற்குப் பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்கள் தலைமையிலே ஒரு குழுவை அமைத்தது. 2024-ல் அவர் அறிக்கை கொடுத்தார். அந்தப் பையனும் அதே 2024-ல் பிளஸ் டூவிலே தேறினான். வெட்டுப்பட்டவன் எழுந்து நின்றுவிட்டான், ஐயா. பெரியவர்கள் நாம் நிற்கிறோமா என்பதுதான் கேள்வி. (நீண்ட கைதட்டல்)

ஆகவே ஒரு நிபந்தனையோடுதான் எங்கள் கட்சியைச் சொல்கிறேன். பிள்ளையை நிற்கச் சொன்னால், பின்னாலே நாம் நிற்க வேண்டும். ஆயுதமோ, கூட்டமோ, உயிருக்கு ஆபத்தோ தெரிந்தால், அந்த இடத்தை விட்டு ஓடிவந்து பெரியவர்களிடம் சொல் என்றும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். அந்த ஓட்டம் மணியை நோக்கி ஓடுகிற ஓட்டம். ஒருவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல், கேட்கிறவர் கிடைக்கிற வரைக்கும் சொல் என்று சொல்லித் தர வேண்டும். 1098 என்று குழந்தைகளுக்கான உதவி எண் இருக்கிறது. பிரியாணிக் கடை நம்பர் மனப்பாடமாகத் தெரிகிற வீட்டிலே இந்த நாலு எண்ணும் தெரியட்டும்.

இதைச் சின்ன வயசிலே செய்யாவிட்டால் என்ன ஆகும்? 1996-ல் ராகிங் கொடுமையிலே நாவரசு என்ற மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். தமிழ்நாடே பதறியது. 1997-ல் ராகிங்கைத் தடை செய்து இங்கே சட்டம் வந்தது. சட்டம் வேண்டும்தான். ஆனால் ராகிங் கல்லூரி வாசலிலே முளைப்பதில்லை. மூணாங்கிளாஸ் டிபன் பாக்ஸிலே விதை விழுகிறது. அங்கேயே ஒரு குழந்தை 'தர மாட்டேன்' என்று சொல்லியிருந்தால், இன்னொரு குழந்தை 'ஆமா' என்று சொல்லியிருந்தால், ஓர் ஆசிரியை பக்கத்திலே வந்து உட்கார்ந்திருந்தால், பல பேர் திருந்தியிருப்பார்கள். சீண்டுகிறதும் ஒரு பிள்ளைதான். அதைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பிள்ளைக்கும் செய்கிற உதவி.

கடைசியாக ஒன்று. பிள்ளை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் இடம் நம் வீடு. வீட்டுக்கு வருகிற மாமா, "என்னடி கறுப்பி, என்னடா குண்டா" என்று கன்னத்தைப் பிடித்துக் கிள்ளுகிறார். பிள்ளை முகம் சுளித்தால், "மாமாகிட்ட அப்படிப் பண்ணக் கூடாது, சிரி" என்கிறோம். வலித்தாலும் சிரிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுப்பதே நாம்தான். அடுத்த தடவை பிள்ளை "எனக்கு அப்படிக் கூப்பிட்டா பிடிக்கலை மாமா" என்று சொன்னால், அதட்டாதீர்கள். மாமாவுக்கு இன்னொரு காபி கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம். (சிரிப்பு) பிள்ளையின் குரலை அடக்கினால் அதை மீட்டுக் கொண்டுவர எத்தனை காபி கொடுத்தாலும் முடியாது.

பொறையுடைமை என்று வள்ளுவர் சொன்னார் என்றார்கள். சொன்னார். ஊக்கமுடைமை என்றும் ஓர் அதிகாரம் வைத்தாரே! பொறுமை என்பது, செய்ய முடிந்தவன் செய்யாமல் இருப்பது. ஒன்றுமே செய்யத் தெரியாத குழந்தை பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் பொறுமை இல்லை, பயம். பயத்துக்குப் பண்பாடு என்று பெயர் வைக்காதீர்கள்.

ஆகவே, நடுவர் அவர்களே! இன்று இரவு இந்த அரங்கத்திலிருந்து போகிற ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் பிள்ளை பக்கத்திலே கொஞ்ச நேரம் உட்காருங்கள். மார்க் கேட்காதீர்கள். "இன்னைக்கு மத்தியானம் யார்கூடச் சாப்பிட்டே?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் காத்திருங்கள். வீட்டிலே மணி கட்டுவது என்றால் அதுதான். மணி கட்டிய வீட்டுப் பிள்ளை வெளியிலே நிமிர்ந்து நிற்கும். ஆகையினாலே, நம் பிள்ளைகள் எதிர்த்து நிற்க வேண்டும் என்றே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, நீங்கள் உங்கள் மணியை அடிப்பதற்குள்ளே நானே அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)